பழையதைக் கொடுத்தால் புதியது

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு கடைக்குள் வந்தார். கழற்ற மறந்துவிட்டார் என்பது வந்த வேகத்திலேயே தெரிந்தது. மருந்துச் சீட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சீக்கிரமாக் குடுங்கம்மா. வீட்டுல ஆளு துடிச்சுக்கிட்டிருக்கு" என்றார். நான் இருமல் மருந்துப் பாட்டில்களைக் காலாவதித் தேதி பார்த்து முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினேன்.

நான் எந்தச் சீட்டையும் கீழேயிருந்து மேலேதான் படிப்பேன். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, பிறகு எத்தனை என்பது எண்ணாலும் எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கிறதா என்பது, பிறகு மருந்தும் அதன் வீரியமும், கடைசியாகத்தான் நோயாளியின் பெயர். பெயரை முதலில் படித்தால் முகம் நினைவுக்கு வந்துவிடும். முகம் வந்துவிட்டால் கண் எழுத்தில் நிற்காது. இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். அந்தச் சீட்டில் கையெழுத்து சரி, தேதி சரி, எழுத்தும் எண்ணும் ஒத்துப்போயின. கடும் வலிக்குத் தோலில் ஒட்டுகிற பிளாஸ்திரி. ஒன்றை ஒட்டினால் மூன்று நாளுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் விட்டுக்கொண்டிருக்கும். புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வருகிற சீட்டுகளில் இது அடிக்கடி வரும். வீரியத்தை மட்டும் இரண்டாம் முறை பார்த்தேன். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் டாக்டர் எழுதியிருந்தார்: முன்பு கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு, வலி மூன்று நாளும் தாங்காததால்.

இந்த மாதிரி மருந்துகள் எங்கள் கடையில் பின்னறைச் சுவரில் பதித்த இரும்பு அலமாரியில் இருக்கும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது என் நாத்தனாரிடம். அவளும் மருந்தாளுநர் படிப்புப் படித்தவள்தான். இரண்டு பேரும் சேர்ந்து திறந்தால்தான் திறக்கும். ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி சரிபார்க்க வேண்டும் என்பது விதி. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டா ஊர்ல ஒருத்தருக்கும் வலி தீராது" என்று என் கணவர் சொல்வார். தெருவில் எனக்குப் பூட்டக்கா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது எனக்குக் கேட்கும் தூரத்தில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. பூட்டு என்பது திறப்பதற்காக இருக்கிற பொருள். திறக்கவே கூடாது என்றால் சுவர் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

"இதுக்கு முன்னாடி எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயே குடுத்துருவாங்க. ரெண்டு மாசமா அங்கதான். இந்தப் பெரிசு அவங்ககிட்ட இல்லையாம். உங்க கடைக்குப் போகச் சொன்னாங்க."

"பழைய பிளாஸ்திரியெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"எது?"

"ஒட்டிட்டுக் கழட்டினது. அதைக் குடுத்தாத்தான் புதுசு தர முடியும்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் நாத்தனாரைப் பார்த்தார், பிறகு தன் கையில் இல்லாத ஏதோ ஒன்றைப் பார்த்தார். "ஏம்மா, இதென்ன சோடா பாட்டிலா? காலி பாட்டிலைக் குடுத்தாத்தான் அடுத்த பாட்டில்னு சொல்ல?"

நாத்தனார் சிரிப்பை அடக்கவில்லை. "நீங்க வேற. எங்க அண்ணி அவங்க பெத்த அம்மாகிட்டயே அடையாள அட்டை கேட்டவங்க."

"கேட்டேன்" என்றேன். கேட்டது உண்மை.

"என்னைப் பார்த்தா களவாணி மாதிரியா இருக்கு?" என்றார் தையல்காரர். குரல் உயர்ந்துவிட்டது. "அந்தத் தெருமுனையில கடை போட்டு உக்காந்திருக்கேன். இவங்க வீட்டுக்காரருக்குச் சட்டை தைக்கிறதே நான்தான்."

"அது எனக்குத் தெரியும். போன சட்டையில காலர் அருமையா வந்திருந்துச்சு" என்றேன். "இது ஆளைப் பார்த்துக் கேக்கிறது இல்லைங்க. எல்லாரையும் கேக்கிறது. கழட்டிப் போட்ட பிளாஸ்திரியிலயும் மருந்து மிச்சம் இருக்கும். ஒரு குழந்தை எடுத்து வாயில வச்சா அந்தக் குழந்தை இருக்காது. அதனாலதான் கடைக்காரங்க திருப்பி வாங்கி, எண்ணி, மூடி அனுப்பணும்னு வச்சிருக்காங்க."

குழந்தை என்ற சொல் அவரைக் கொஞ்சம் தணித்தது. குப்பையில் போடாதீர்கள் என்று நர்ஸம்மா சொன்னதால் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பதாகவும், போய் எடுத்து வருவதாகவும் சொன்னார். படியிறங்கும்போது, "நான் போயிட்டு வர்றதுக்குள்ள அவளுக்கு வலிக்காம இருக்கணும்னு ஒரு விதி எழுதுங்க, பார்ப்போம்" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்கள் பல பேர். சிலர் கெட்டிக்காரத்தனமாக அழுவார்கள். சிலர் வலியால் உதடு வெளுத்து நிற்பார்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. அழுகையை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அழாமல் இருப்பதையும் அப்படித்தான். கையில் இருக்கிற காகிதம், கேட்கவேண்டிய கேள்வி, சரிபார்க்கவேண்டிய தொலைபேசி எண், இவை வரிசையாக முடிந்தால் அலமாரி திறக்கும். வரிசையில் ஏதாவது ஒன்று நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு நான் கல்லாகத் தெரிவேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் வருவதற்குள் டாக்டரைக் கூப்பிட்டேன். சீட்டில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நான் அடிப்பதில்லை. கள்ளச் சீட்டு அடிக்கிறவன் அந்த எண்ணையும் சேர்த்துத்தானே அடிப்பான். என் கைபேசியில் நானே சேமித்துவைத்த ஆஸ்பத்திரி எண்ணுக்குத்தான் அடிப்பேன். டாக்டர் வார்டில் இருக்கிறார், முடித்ததும் கூப்பிடுவார் என்றார்கள்.

தையல்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஒரு பித்தான் டப்பாவை மேசையில் வைத்தார். நான் கையுறை போட்டுக்கொண்டு, நாத்தனாரைப் பக்கத்தில் நிற்கவைத்து, மூடியைத் திறந்தேன். பிளாஸ்திரிகள் பசைப்பக்கம் உள்ளே போகும்படி சரிபாதியாக மடிக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இவ்வளவு நேர்த்தியாக யாரும் திருப்பித் தந்ததில்லை. பாராட்டலாம் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். மேலே இருந்ததின் ஓரத்தில் வெட்டு இருந்தது. சுற்றிலும், ரம்பப் பல்லைப்போல.

"எலி கடிச்சிருக்கா, அண்ணி?" என்றாள் நாத்தனார்.

அடுத்ததை எடுத்தேன். அதிலும் வெட்டு. அடியில் இருந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும். நாத்தனாரின் முகம் மாறியது. என் முழங்கையைத் தொட்டுப் பின்னறைக்கு இழுத்துப்போனாள்.

"இது எலி இல்ல, கத்தரி. உள்ள இருக்கிற மருந்தை எடுத்திருக்காங்க, அண்ணி. பயிற்சி வகுப்புல படம் போட்டுக் காட்டினாங்களே, இதே மாதிரி இருந்துச்சே. எடுத்து வித்துட்டு, வலி தாங்கலன்னு டாக்டர்கிட்டச் சொல்லி ரெண்டு மடங்கு எழுதி வாங்கியிருக்காரு. அந்தப் பாவப்பட்ட பொம்பளைக்கு இதுல ஒரு சொட்டாவது போச்சோ என்னவோ." அவள் குரல் நடுங்கியது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல்தான் முதலில் நடுங்கும். "குடுக்கக் கூடாது. புகார் எழுதணும். அதுதான் விதி."

அவள் சொன்னது சரி. திரும்பி வருகிற பிளாஸ்திரி சிதைக்கப்பட்டிருந்தால் புதியதைக் கொடுக்காதே, மேலிடத்துக்குத் தெரியப்படுத்து என்றுதான் இருக்கிறது. நான் வாசற்படியருகே நின்று அவரைப் பார்த்தேன். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளம்பரத் துணியின் பிரிந்த நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிறவன் உள்ளே இருப்பதை எடுக்க ஒரே கீறல் போதும். இந்த வெட்டுகள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் இருந்தன. ஆனால் அது என் ஊகம். ஊகத்தை வைத்து ஒருவரைத் திருடன் ஆக்குவதும் தப்பு, நல்லவர் ஆக்குவதும் தப்பு. விதி கொடுக்காதே என்கிறது. கேட்காதே என்று எங்கும் சொல்லவில்லை.

"நான் அலமாரியைத் திறக்கப் போறதில்ல. உன் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு முன்னால் வந்தேன். ஒரு பிளாஸ்திரியை வெள்ளைத் தாள்மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றார் அவர். துளித் தயக்கம் இல்லை. "ஏன், நல்லாத்தானே வெட்டியிருக்கேன்?"

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. "எதுக்கு வெட்டினீங்கன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"ஒரு கத்தரி குடுங்க."

நாத்தனார் கத்தரியை எடுத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவர் மருந்து போட்டுக்கொடுக்கிற காகித உறையொன்றை எடுத்துச் சதுரமாக வெட்டிக்கொண்டார். இடது கையை முஷ்டியாக மடக்கி மேசைமேல் வைத்தார். "இதுதான் அவ தோள்பட்டைன்னு வச்சுக்குங்க. தோள்ல ஒட்டுங்கன்னு சொன்னாங்க. இளைச்சுப்போய் எலும்பு எழும்பி நிக்குது. தட்டையா இருக்கிறதைக் கொண்டுபோய் உருண்டையா இருக்கிறது மேல வச்சா என்ன ஆகும்? பாருங்க, சுருக்கம் விழுது. ஓரம் தூக்கிக்குது. மொதல் தடவை அப்படித்தான் மறுநாளே பேத்துக்கிட்டு வந்து பாவாடையில ஒட்டிக்கிச்சு. கழுத்து வளைவு, கைக்குழி எல்லாம் தைக்கும்போது நாங்க என்ன பண்ணுவோம்? சுத்தியும் சின்னச் சின்னதா வெட்டு விடுவோம்." கத்தரி காகிதத்தின் ஓரத்தில் ஓடியது. ஒரே இடைவெளி, ஒரே ஆழம். முஷ்டியின்மேல் வைத்து நீவினார். காகிதம் தோலைப்போலப் படிந்தது. "இப்பப் பாருங்க. எங்கயாவது தூக்குதா? அன்னையில இருந்து ஒண்ணுகூடக் கழண்டு விழுந்ததில்ல."

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. நாத்தனார் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டும்போது ஈரமா ஏதாவது கையில பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"பசை கொஞ்சம் பிசுபிசுன்னு வரும். துடைச்சுக்குவேன்."

"அதுக்கப்புறம் உங்களுக்குத் தலை சுத்துமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்? மெஷின்ல உக்காந்தா கண்ணு சொக்கும். ஒரு தடவை ஒரு பேண்ட்டுக்கு ரெண்டும் இடது காலாவே வெட்டிட்டேன். வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஒட்டின அன்னைக்கு அவங்க எப்படி இருப்பாங்க?"

"நல்லாத் தூங்குவா. உலுக்கினாக்கூட முழிக்க மாட்டா. மூச்சே விட்டு விட்டுத்தான் வரும். அம்மாடி, வலி இல்லாமத் தூங்குறாளேன்னு சத்தம் கேக்கக் கூடாதுன்னு நான் மெஷினையே தொட மாட்டேன். மறுநாள் பொழுது சாயறப்ப ஆரம்பிச்சுடும் பாருங்க..."

மூன்று நாளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டிய மருந்து வெட்டின் வழியாக முதல் நாளே வழிந்து அவள் தோலுக்குள் போயிருக்கிறது; மூச்சைத் தடுமாறவைத்தது அதுதான். அடுத்த இரண்டு நாள் வெறும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். வலி தாங்கவில்லை என்று அவர் டாக்டரிடம் சொன்னது பொய்யில்லை. டாக்டர் வீரியத்தைக் கூட்டியதும் தப்பில்லை. என் கையில் இருந்த சீட்டின்படி, என் அலமாரியிலிருந்து, விதிப்படி எல்லாம் சரிபார்த்து நான் எடுத்துக் கொடுத்திருக்கக்கூடிய இரண்டு மடங்குப் பிளாஸ்திரியை இன்றைக்கு மத்தியானம் இந்தக் கை இதே அழகோடு வெட்டி ஒட்டியிருக்கும். அவளும் தூங்கியிருப்பாள். இவரும் மெஷினை ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. மேசையோரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்தெடுத்தேன். அவர் கையிலிருந்த கத்தரியை வாங்கி, பாக்கெட்டின் ஓரத்தில் அவர் வெட்டியதைப்போலவே நான்கைந்து வெட்டு விட்டேன். கண்ணாடிமேல் வைத்து விரலால் மெல்ல அழுத்தினேன். நாலாபக்கமும் வழிந்தது.

"இது தையலுக்காக விட்ட ஓரம் இல்லைங்க" என்றேன். "இதுதான் சுவரு. உள்ள மருந்து கூழாட்டம் இருக்கு."

அவர் வழிந்ததைப் பார்த்தார். பித்தான் டப்பாவைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்தப் புதுசையும்..." என்று ஆரம்பித்து, சீட்டைத் தொடாமல் அதன்மேல் விரலை நீட்டினார்.

"ஆமா" என்றேன். "அதான் தரல."

நாத்தனார் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். சற்று முன்பு அவரைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல அவள்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "குடிங்கண்ணே" என்றாள்.

அந்த நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். "இப்ப முழிச்சிருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். வலியோடு முழித்திருக்கிறாள் என்றேன். "நல்லது. வலியோட இருக்கிறது நல்லதுன்னு சொல்ல வேண்டியிருக்கு பாருங்க. அந்தச் சீட்டை ரத்து பண்ணிடுங்க. பழைய வீரியமே போதும். அது முழுசா வேலை செஞ்சு நாம இன்னும் பார்க்கவே இல்லையே. வீட்டுல மிச்சம் ஏதாவது இருக்கா?" தையல்காரரிடம் கேட்டேன், ஒன்று இருப்பதாகத் தலையசைத்தார். "அதை வெட்டாம ஒட்டட்டும். பிடிச்சு வேலை செய்யச் சாயந்திரம் தாண்டும். அதுவரைக்கும் குடிக்கிற மருந்து குடுத்திருக்கோம், அதைக் குடுக்கலாம். நர்ஸை அனுப்புறேன், ஆனா இப்ப ஆளில்ல. முதல் தடவை ஒட்டும்போது நீங்க போய்க் காட்டிக்குடுக்க முடியுமா?"

சீட்டின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து நானும் நாத்தனாரும் கையெழுத்துப் போட்டோம். "நீங்க போங்கண்ணி. சாப்பாட்டு நேரம்தானே, நான் கதவைச் சாத்திக்கிறேன்" என்றாள் அவள். அலமாரியைத் திறக்காமலேயே இவ்வளவு மருந்து விஷயம் எங்கள் கடையில் நடந்ததில்லை.

தையல்காரரின் வீடு தெருமுனையில் அவர் கடைக்குப் பின்னாலேயே. முன்னறையில் இரண்டு மெஷின். கம்பியில் கை வைக்காத சட்டைகள் தொங்கின. ஒரு மெஷினில் யாரும் உட்கார்ந்து நாளாகியிருந்தது. அதன்மேல் துணிகளை அடுக்கியிருந்தார்கள். பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் பித்தான் கட்டுவதும் அவர் மனைவியின் வேலை என்று வழியில் சொல்லியிருந்தார். உள்ளறைக் கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தத்தை எண்ணினாளோ என்னவோ, திரும்பாமலே கேட்டாள்.

"யாரு, பூட்டக்காவா? கடையைப் பூட்டினது பத்தாதுன்னு வீட்டையும் பூட்ட வந்துட்டீங்களா?"

"சாவி கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

"புது மருந்து தரமாட்டேன்னுட்டீங்களாமே. இவரு டப்பா எடுக்க வந்தப்பப் பேசின பேச்சுக்கு நீங்க இந்நேரம் நாலு தும்மல் போட்டிருக்கணும்."

தையல்காரர் கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்க முடியும். டாக்டர் மாற்றிவிட்டார் என்றால் முடிந்தது. வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார். "நான் வெட்டினேன்ல, அதுலதான் மருந்தெல்லாம் வெளிய போயிருக்கு. முதல் நாளே. மத்த ரெண்டு நாளும் உனக்கு மருந்தே இல்ல. என்னாலதான்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். அப்போது வலியின் அலை ஒன்று வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், உதடு வெளுத்தது. நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்பதுபோல் கஷ்டம் வேறில்லை. அது போனதும் கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு மாசமாவா?"

"ம்" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "வெட்டு ஒழுங்கா விழுந்திருந்துச்சா?"

"ஒரே இடைவெளி" என்றேன். "நாங்க அசந்துட்டோம்."

"அதானே பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டிக்கிச்சேன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தைப்பாரு. என் ஜாக்கெட்டு மட்டும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து கக்கத்துல பிடிக்கும். ஒரு நாளாவது இப்படி வெட்டு விட்டிருப்பாரா? கேளுங்க. பிளாஸ்திரிக்குத்தான் எம்மேல அக்கறை."

அவர் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்கவைக்கத்தான் அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

குடிக்கிற மருந்தை அளந்து கொடுத்துக் கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு தோள்பட்டையில் இருந்த பழையதை உரித்து, மடித்து, கொண்டுவந்திருந்த பைக்குள் போட்டேன். ஒட்டுகிற இடத்தை எப்போதும் வெறும் தண்ணீரால் துடைத்து உலரவிடச் சொன்னேன். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, சுடுதண்ணீர்ப் பை பக்கத்திலேயே வரக் கூடாது. புதியதை ஒட்ட, எலும்பு எழும்பாத ஒரு தட்டையான இடம் வேண்டும். முதுகின் மேற்பகுதியில், முதுகெலும்புக்கு இடப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு சமமாக இருந்தது. அதை விரலால் காட்டினேன். இனி மூன்று நாளுக்கொரு முறை ஒட்டப்போகிறவர் அவர்தான் என்பதால் அவரையே ஒட்டச் சொன்னேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து உறையைக் கிழித்துப் பிளாஸ்திரியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மாதமாகக் கையில் எடுத்த பொருளை இப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. வலது கை தானாகப் பக்கத்து மேசையில் இருந்த கத்தரியை நோக்கிப் போய், பாதியில் நின்று, திரும்பியது. பின்தாளை உரித்து அவள் முதுகருகே கொண்டுபோனார். அங்கேயும் நின்றுவிட்டார்.

"என்ன, அளவெடுக்கிறீங்களா?" என்றாள் அவள், தலையணைக்குள்ளிருந்து. "பழைய அளவுக்குத் தைச்சுடாதீங்க. பாதியாயிட்டேன்."

அவர் ஒட்டினார். ஓரம் எங்கும் தூக்கவில்லை. சமமான இடத்தில் சமமான பொருள் படிவதற்கு யாருடைய கெட்டிக்காரத்தனமும் தேவைப்படவில்லை.

"உள்ளங்கையை மேல வச்சு அழுத்திப் பிடிங்க" என்றேன். "உடம்புச் சூட்டுலதான் பசை பிடிக்கும். அரை நிமிஷம்."

அவர் உள்ளங்கையை வைத்தார். அரை நிமிடம் முடிவதற்குள், அவள் முன்பே குடித்த மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இந்த வீரியம் தாங்குமா, மூன்றாம் நாள் என்ன ஆகும், வலி இந்தப் பிளாஸ்திரியைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டதா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. மூச்சு சீராக இருக்கிறதா என்பதைப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியும். பார்த்தேன்.

"போதும், எடுத்துடலாம்" என்றேன்.

அவருக்குக் கேட்டிருக்கும். எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. நான் பையை மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் முன்னறைக்கு வந்து செருப்பைத் தேடினேன். திரும்பிப் பார்த்தபோது, அவள் முதுகின்மேல் விரித்த அவருடைய கை, அவள் மூச்சோடு மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.